காத்திருக்கச் செய்யும் உரிமை: நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவையும் அதன் அறநிலையும்

நாடாளுமன்றத்திற்கு இரண்டாம் அவை ஏன் வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் ஆட்சி நடைமுறை சார்ந்த வினாவாகவே எழுப்பப்படுகிறது. செலவு எவ்வளவு, காலத்தாழ்வு எவ்வளவு, பயன் எவ்வளவு என்னும் கணக்கில் தொடங்கி அக்கணக்கிலேயே அது முடிந்துவிடுகிறது. அவ்வினாவிற்கு அடியில் வேறொரு வினா உண்டு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஓர் அவை பெரும்பான்மையால் ஒரு முடிவை எடுத்த பின்னர், ‘சற்றுப் பொறுக்க’ என்று கூறும் தகுதி மற்றோர் அவைக்கு எங்கிருந்து வருகிறது? இஃது அறவியல் வினா. இந்திய மாநிலங்களவையின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயமும் உரிமையும்

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலனாகப் படைக்கப்பட்டவன் அல்லன். அரசியின் ஊடல் தணிக்கச் செல்லும் வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, உசாவாமல் காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அவ்வளவே அவன் குற்றம். அக்காட்சியில் பலராலும் கவனிக்கப்படாத ஒரு நுட்பம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லை என்று ஐயுறுகின்றனர். ஆகவே ஐயுறும் அறிவு அங்கு இருந்தது. ஆணையைச் சிறுபொழுது நிறுத்திவைக்கும் உரிமைதான் எவரிடத்தும் இல்லை. அரசனுக்கு ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் உண்டு என்பதை அதே காப்பியம் புகார் நகர விழாவைக் கூறுமிடத்துச் சுட்டுகிறது. விழாவில் இருந்த குழு, விரைந்து முடிவெடுக்கும் வேளையில் எங்கும் காணப்படவில்லை.

இடித்துரைக்கும் பெரியோரைத் துணைக்கொள்ளுமாறு திருக்குறள் அரசனுக்கு அறிவுறுத்துகிறது. அங்கு இடித்துரைப்போரின் தகுதி அவர்தம் அறிவும் ஒழுக்கமும் ஆகும். அவர்களைத் தேடிக் கொள்பவனும் அரசனே. இன்றைய இரண்டாம் அவை இத்தகுதியைத் தனக்கெனக் கோர இயலாது. மேலவை உறுப்பினர் கீழவை உறுப்பினரைவிட அறிவில் மிக்கோர் என்பதை நிறுவவும் முடியாது. மக்களாட்சியில் அவ்வாறு கூறுவது முறையும் அன்று. 12 நியமன உறுப்பினரைக் காட்டி மாநிலங்களவையைச் சான்றோர் அவை என்று புகழ்வோர் எஞ்சிய 233 பேரை மறந்துவிடுகின்றனர். அறிவுமிகுதி என்னும் வாதத்தை விலக்கிவிட்டு வேறு அடிப்படையைத் தேடுவதே நேர்மையானது.

1947 சூலையில் அரசமைப்பு அவையில் இரண்டாம் அவை குறித்த விவாதம் நடைபெற்றது. அத்தகைய அவை முன்னேற்றத்திற்குத் தடையாகும் என்று எதிர்த்தோரும் இருந்தனர். அவர்களுக்கு விடையளித்த என். கோபாலசாமி ஐயங்கார் அவ்வவைக்குப் பெரும்பணி எதனையும் உரிமையாக்கவில்லை. முக்கியமான பொருள்கள் குறித்துக் கண்ணியமாக விவாதிப்பதும், கணநேர உணர்ச்சியில் பிறக்கும் சட்டங்களைச் சிறிது தாழ்த்துவதுமே அதனிடம் எதிர்பார்க்கத்தக்கவை என்றார். ‘தடுத்தல்’ வேறு, ‘தாழ்த்தல்’ வேறு. முன்னது அதிகாரம், பின்னது வேண்டுகோள் விடுக்கும் உரிமை. பெரும்பான்மை தன் காரணங்களை மற்றொரு முறை, தன் கட்டுப்பாட்டில் இல்லாதோர் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அவ்வுரிமையின் உட்பொருள்.

இங்குத் ‘தன் கட்டுப்பாட்டில் இல்லாதோர்’ என்னும் தொடர் இன்றியமையாதது. மாநிலங்களவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வு பெறுகின்றனர். ஆகவே எந்தவொரு தேர்தல் அலையும் அவ்வவை முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. மக்களவையில் இன்றைய மக்கள் பேசுகின்றனர் என்றால், மாநிலங்களவையில் 2, 4, 6 ஆண்டுகளுக்கு முந்தைய மக்களும் மாநிலச் சட்டமன்றங்கள் வழியாகப் பேசுகின்றனர். நேற்றைய மக்களும் மக்களே என்று கொள்வோமாயின் காத்திருக்கச் செய்யும் உரிமைக்கு ஓர் அடிப்படை கிட்டுகிறது. மூத்தோர் என்பதாலன்று, வேறொரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்பதாலேயே அவ்வவை கேட்கப்பட வேண்டியதாகிறது.

ஒரு வாக்கிலும் குறைந்த வேறுபாடு

1970 செப்டம்பரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி, செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 149 பேரும் எதிராக 75 பேரும் வாக்களித்தனர். வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரு பங்கு என்பது 149-க்குச் சற்று மேல். ஒரு வாக்கிற்கும் குறைந்த வேறுபாட்டில் மசோதா வீழ்ந்தது.

அன்றைய முற்போக்காளர்க்கு இது மேலவையின் பிற்போக்கிற்கு எடுத்துக்காட்டாகத் தோன்றியது. அவர்கள் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. வறுமை மிகுந்த நாட்டில் முன்னாள் அரசர்களுக்கு மக்கள் வரிப்பணத்தில் ஆண்டுதோறும் மானியம் அளிப்பதை எந்த நீதியாலும் நிலைநிறுத்த முடியாது. ஆயினும் அம்மானியம் வெறும் சலுகையன்று. சமத்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது அளிக்கப்பட்ட வாக்குறுதி அது. அரசமைப்பின் 291, 362 ஆகிய உறுப்புகளில் எழுதி வைக்கப்பட்டது. அநீதியான ஏற்பாடு ஒன்றைக் காக்கும் வாக்குறுதியை அரசு மீறலாமா என்பதே அன்று உண்மையில் எழுந்த அற வினா. மீறலாம் என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. ஆனால் யாருடைய பெயரால் அவ்வாக்குறுதி அளிக்கப்பட்டதோ அவர்களைக் கேட்டுவிட்டு மீறுவதே முறை.

தொடர்ந்து நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். மசோதா வீழ்ந்த மறுநாளே குடியரசுத் தலைவரின் ஆணையால் மன்னர்களுக்கான ஏற்பு நீக்கப்பட்டது. அதாவது, பொறு என்று கூறிய அவையைச் சுற்றிக் கடக்கும் குறுக்குவழியை அரசு நாடியது. டிசம்பரில் அவ்வாணை செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே மக்களவை கலைக்கப்பட்டு, 1971 மார்ச்சில் தேர்தல் நடந்தது. பெரும் வெற்றியுடன் மீண்ட அரசு அவ்வாண்டு டிசம்பரில் 26-ஆவது திருத்தத்தின் வழி மானியத்தை ஒழித்தது. இம்முறை மாநிலங்களவையும் இசைந்தது. மானியம் ஏறத்தாழ 15 மாதங்கள் கூடுதலாக நீடித்தது, அது இழப்பே. அந்த 15 மாதங்களுக்குள் நாடு ஒரு பொதுத்தேர்தலைக் கண்டது. ஒழிப்பு மக்களின் முடிவாயிற்று.

இதனின்றும் இரண்டாம் அவை எப்போதும் நன்றே செய்யும் என்று கொள்ளுதல் கூடாது. 1989-இல் ஊராட்சி, நகராட்சி அமைப்புகள் குறித்த 64, 65-ஆவது திருத்த மசோதாக்கள் மாநிலங்களவையில் தோற்றன. 1992 டிசம்பரில்தான் அவற்றின் மாற்று வடிவங்கள் நிறைவேறின. உள்ளாட்சிக்காகக் காத்திருந்த சிற்றூர்களுக்கு அந்த இடைவெளி சிறிதன்று. மறுபுறம், மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை மாநிலங்களவை 2010 மார்ச்சிலேயே நிறைவேற்றியது. அதனை எடுத்துக்கொள்ளாமல் 2014-இல் காலாவதியாகவிட்டது மக்களவையே. 2023-இல் புதிய மசோதாவாக அது மீண்டும் வர நேர்ந்தது. மேலவை மெதுவானது, கீழவை விரைவானது என்னும் பொதுக்கருத்து இத்தகைய சான்றுகளின் முன் நிற்பதில்லை.

பொறுக்க வேண்டிய நாளில் பொறுக்காமை

இரண்டாம் அவையின் உண்மையான தோல்வி தாழ்த்தியதில் இல்லை. தாழ்த்த வேண்டிய நாளில் தாழ்த்தாமையில் உள்ளது. 1975-இல் நெருக்கடி நிலையின்போது பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்படுத்தும் 39-ஆவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்டு 7 அன்று மக்களவையும், 8 அன்று மாநிலங்களவையும் அதனை நிறைவேற்றின. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் பெறப்பட்டு, 10 அன்று குடியரசுத் தலைவர் இசைவளித்தார். பிரதமரின் மேல்முறையீடு 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். ஒரு மனிதரின் வழக்கிற்காக அரசமைப்பு நான்கு நாள்களில் மாற்றப்பட்டபோது, மற்றோர் அவை அதற்கு எடுத்துக்கொண்ட பொழுது ஒரே நாள். அத்திருத்தத்தின் முதன்மையான கூற்றை அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றமே நீக்கியது. அவை செய்யத் தவறியதை நீதிபதிகள் செய்தனர்.

2019 ஆகஸ்டு 5 அன்று ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா முதலில் மாநிலங்களவையிலேயே அறிமுகம் செய்யப்பட்டது. அன்றே 125-க்கு 61 என்னும் வாக்குகளில் நிறைவேறியது. ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக மாற்றப்படும்போது அம்மாநிலச் சட்டமன்றம் ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. சிறப்புநிலை நீக்கம் செல்லும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவின் சரி தவறு இங்கு ஆய்வுப் பொருளன்று. மாநிலங்களின் பெயரைத் தாங்கிய அவை ஒரு மாநிலத்தின் நிலையை மாற்ற ஒரு நாள்கூட முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே கருதத்தக்கது. 1975-இல் ஒரு கட்சி, 2019-இல் மற்றொரு கட்சி; இருவேறு காலங்களிலும் அவையின் இயல்பு ஒன்றாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அவ்வவையின் ஏடுகளில் உண்டு. 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்ற சி. என். அண்ணாதுரை அவ்வாண்டே மாநிலங்களவை உறுப்பினரானார். மே மாதத்தில் ஆற்றிய முதல் உரையிலேயே திராவிட நாட்டிற்குத் தன்னுரிமை கோரினார். அவையில் இருந்த பெரும்பாலோர்க்கு அக்கோரிக்கை வெறுப்பிற்குரியது. இடையிடையே குறுக்கீடுகள் எழுந்தன. எனினும் அவர் பேசினார். பிரிவினைக் கோரிக்கைக்கு எதிரான 16-ஆவது திருத்தம் 1963-இல் நிறைவேறியதும், அவருடைய கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டதும் வரலாறு. கோரிக்கை தோற்றது; கோரியவர் கேட்கப்பட்டார். நேரடித் தேர்தலில் இடம் பெறாத ஒரு குரலை நாட்டின் நடுவிடத்தில் ஒலிக்கச் செய்தது அவ்வவையே.

யாருடைய சார்பாளர்

மாநிலங்களவை மாநிலங்களின் அவை என்னும் கூற்றையும் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும். உத்தரப்பிரதேசத்திற்கு 31 இடங்கள், தமிழ்நாட்டிற்கு 18, சிக்கிமிற்கு 1. இப்பகிர்வும் மக்கள்தொகையையே தழுவியது; முதல் 50 இலட்சம் வரை 10 இலட்சத்திற்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 இலட்சத்திற்கு ஓர் இடம் என்னும் அளவுகோலால் சிறிய மாநிலங்களுக்குச் சிறு சாய்வு கிட்டுகிறது. 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேர் கொண்ட மக்களவையில் தமிழ்நாட்டின் பங்கு 7.2 விழுக்காடு; 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் 7.3 விழுக்காடு. ஒரே தராசில் இருமுறை நிறுத்தது போன்றது இது. மக்களவை இடங்களை மாநிலங்களுக்கிடையே மறுபங்கீடு செய்வதை 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பின்னர் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை ஒத்திவைத்தது. மறுபங்கீட்டில் குறைவை அஞ்சும் மாநிலங்களுக்கு மாநிலங்களவை அரணாகும் என்று நம்புவோர் இக்கணக்கைக் காண்பது நலம். எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் வேண்டும் என்று 2010-இல் பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. அமெரிக்க மேலவையில் அவ்வாறே உள்ளது. அங்கு மிகச் சிறிய மாநிலத்தின் வாக்காளர் மிகப் பெரிய மாநிலத்தின் வாக்காளரைவிடப் பன்மடங்கு எடை பெறுவதும் உண்மை. சமம் என்பது யாருக்கிடையே சமம் என்னும் வினாவிற்கு எளிய விடை இல்லை.

எண்ணிக்கையினும் ஆழமானது உரிமைப்பிணைப்பு. 2003 வரை மாநிலங்களவைக்குப் போட்டியிடுவோர் அம்மாநில வாக்காளராக இருத்தல் கட்டாயம். நடைமுறையில் வேற்று மாநிலத்தார் பலர் எங்கோ ஒரு முகவரியைக் காட்டி வாக்காளராகப் பதிந்துகொண்டனர். பொய்யுரைக்க வேண்டிய நிலையைப் போக்குவதாகக் கூறி, உண்மையாக இருக்க வேண்டிய தேவையையே 2003-இன் திருத்தம் நீக்கியது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை ஏற்றது. வசிப்பிடம் கூட்டாட்சியின் இன்றியமையாக் கூறன்று என்றது. சட்டநிலையில் அது சரியாகலாம். ஆனால் ஒரு மாநிலத்தின் ஆறுகளையும் மொழியையும் பள்ளிகளையும் அறியாத ஒருவர் அம்மாநிலத்தின் சார்பில் ‘பொறுக்க’ என்று கூறும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் நிற்பது மாநிலமா, கட்சித் தலைமையா என்னும் ஐயம் தவிர்க்க இயலாததாகிறது. செருமனியின் மாநிலங்கள் மன்றத்தில் மாநில அரசுகளின் அமைச்சர்களே அமர்கின்றனர். ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒன்றாகவே அளிக்கப்பட வேண்டும். 2002-இல் பிராண்டன்பர்க் மாநிலத்தின் சார்பாளர் இருவர் குடியேற்றச் சட்டத்தில் மாறுபட வாக்களித்தனர். அதனை ஆதரவாகக் கணக்கிட்டு நிறைவேறிய அச்சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. மாநிலத்திற்கு ஒரே குரல் என்பதை அந்நாடு அவ்வளவு கண்டிப்புடன் கொள்கிறது.

சுற்றிக் கடக்கும் வழி

பொறு என்று கூறும் அவையைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. அதன் வாயிலைத் தவிர்த்துச் சென்றாலே போதும். 110-ஆவது உறுப்பின்படி பண மசோதா என்று மக்களவைத் தலைவர் சான்றளித்துவிட்டால், மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம். அதற்கும் 14 நாள்களே உண்டு. 2016 மார்ச்சில் ஆதார் மசோதா இவ்வழியில் வந்தது. மாநிலங்களவை முன்மொழிந்த திருத்தங்கள் அனைத்தையும் மக்களவை அன்றே தள்ளியது. 2018-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதனைப் பண மசோதாவாக ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மட்டும் அரசமைப்பை ஏமாற்றும் செயல் என மறுத்து எழுதினார். எது பண மசோதா என்பதற்கான அளவுகோலை ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய வேண்டும் என்று 2019-இல் மற்றோர் அமர்வு பரிந்துரைத்தது. தேர்தல் பத்திரத் திட்டத்திற்கு வழிவகுத்த 2017-ஆம் ஆண்டின் நிதிச் சட்டமும் பண மசோதாவாகவே வந்தது. 2024 பிப்ரவரியில் அத்திட்டம் வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது என நீக்கப்பட்டது. மேலவையில் முழு விவாதமும் வாக்கெடுப்பும் நிகழ்ந்திருந்தால் அந்த 7 ஆண்டுகள் மிஞ்சியிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாம் அவையை ஒழித்த நாடுகள் கெட்டுவிடவில்லை என்பாரும் உளர். அது மெய்யே. நியூசிலாந்து 1950-இலும் தென்மார்க்கு 1953-இலும் அவ்வாறு செய்தன. சுவீடன் 1971 முதல் ஓரவையுடன் இயங்குகிறது. ஆனால் தென்மார்க்கின் அதே 1953 அரசமைப்பு, நிறைவேறிய மசோதாவை மக்கள் வாக்கெடுப்பிற்கு விடுமாறு கோரும் உரிமையை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு அளித்தது. அவை போயிற்று, பொறுக்கச் செய்யும் உரிமை போகவில்லை, இடம் மாறிற்று. பிறப்பால் வந்தோர் அமர்ந்திருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் 1911, 1949-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தடுக்கும் அதிகாரத்தை இழந்து, ஏறத்தாழ ஓராண்டு தாழ்த்தும் உரிமையுடன் நிலைபெற்றது. தேர்தல் அறிக்கையில் மக்களுக்கு வாக்களிக்கப்பட்ட சட்டத்தை அச்சபை வீழ்த்துவதில்லை என்னும் மரபு 1945-க்குப் பின் அங்கு உருவாயிற்று. மக்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதற்கும் சொல்லாமற் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மரபு அறிந்திருக்கிறது. 1970-இன் இந்திய நிகழ்வும் இவ்வேறுபாட்டையே காட்டுகிறது. அயர்லாந்தில் 2013-இல் மேலவையை ஒழிக்கும் முன்மொழிவைச் சிறு வேறுபாட்டில் மக்களே மறுத்தனர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

கொறடா

மேற்கூறிய குறைகள் அனைத்தினும் அடிப்படையானது ஒன்று உண்டு. 1985-இல் 52-ஆவது திருத்தத்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிப்போர் பதவியை இழப்பர். இச்சட்டம் ஈரவைக்கும் பொது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் விலைபேசிக் கவிழ்க்கப்படுவதைத் தடுத்தல் இதன் நோக்கம். 1992-இல் உச்ச நீதிமன்றமும் இதனைச் செல்லும் என்றது. மக்களவையைப் பொறுத்தவரை அந்நோக்கத்தை மறுத்தற்கில்லை. ஆனால் 75-ஆவது உறுப்பின்படி அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்புடையது. மாநிலங்களவையில் எந்த வாக்கெடுப்பில் தோற்றாலும் அரசு கவிழ்வதில்லை. நோய் இல்லாத உடலுக்கு மருந்து ஊட்டப்படுகிறது. மருந்தின் தீமை மட்டும் அவ்வுடலில் தங்குகிறது. தன் அறிவின்படி வாக்களிக்க இயலாத ஒருவர் முன்னிலையில் பெரும்பான்மை தன் காரணங்களை மீண்டும் எடுத்துரைப்பது சடங்கேயன்றி விவாதமன்று. மதுரைக் காவலர் ஐயுற்றதைப் போல அவ்வுறுப்பினரும் ஐயுறலாம், ஐயத்தைச் சொல்லலாம், வாக்காக்க முடியாது.

நம்பிக்கை வாக்கெடுப்புகளுக்கு மட்டுமே பதவியிழப்பு என்னும் தண்டனை பொருந்துதல் வேண்டும் என்று 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. மாநிலங்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்பதே இல்லையாதலின், அப்பரிந்துரை நடைமுறைக்கு வருமாயின் அவ்வவை உறுப்பினர் எல்லா மசோதாக்களிலும் தத்தம் தெளிவின்படி வாக்களிப்பர். அதற்கு அரசமைப்பின் பத்தாம் அட்டவணையைத் திருத்துதல் வேண்டும். அத்திருத்தத்திற்கு மாநிலங்களவையில் மூன்றில் இரு பங்கினர் வாக்களிக்க வேண்டும். அவ்வாக்கெடுப்பிலும் கொறடாவின் ஆணை செல்லும்.